வெள்ளையடிப்பில் வாயடைத்த கம்ப்யூட்டர்

“…ஒனக்கென்ன செல்வி, திரையில வெளிச்சம் வந்துட்டா வேலை முடிஞ்சிதுன்னு கைய ஒதறிட்டு எந்திரிச்சிருவ. எனக்கு அது வாயத் தொறந்து பேசுனாத்தான் முடிஞ்ச மாதிரி. வெளங்குதா?”

தேவசகாயம் சார்வாள் இதைச் சொன்னபோது நான் அவர் வீட்டு முன்னறையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே அவருடைய கம்ப்யூட்டர் பெட்டி, பக்கத்துத் தகடு கழற்றப்பட்டு, வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டு கிடந்தது. மதுரையிலிருந்து காலை பஸ்ஸில் பார்சலாக வந்து இறங்கிய மதர்போர்டு, கம்ப்யூட்டரின் தாய்ப்பலகை, என் மடியில் இருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். நாலு சுவரிலும் புதுச் சுண்ணாம்பு வாசனை.

“வெளங்குது சார்வாள். பேச வச்சிட்டுத்தான் எந்திரிப்பேன்,” என்றேன்.

“பாப்போம்,” என்றார். பிறவியிலேயே பார்வை இல்லாத மனிதர். அந்தச் சொல்லை அவரைப் போலச் சாவகாசமாகச் சொல்கிற ஆளை நான் கண்டதில்லை.

பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர் அவர். அவருடைய கம்ப்யூட்டரில், திரையில் வருவதையெல்லாம் வாய்விட்டு வாசித்துக் காட்டும் ஒரு மென்பொருள் உண்டு. அது பேசினால்தான் அவருக்குக் கம்ப்யூட்டர். பேசாவிட்டால் வெறும் தகரப் பெட்டி.

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வு. அந்தத் தகரப் பெட்டிக்குள்ளே ஒரு பெண்ணின் கடைசிப் பாடங்கள் மாட்டிக்கொண்டிருந்தன.

வெட்டி எடுத்த இருமல்கள்

அந்தப் பெண் இசக்கி. சேரன்மகாதேவிக்காரி. சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை மங்கி, கல்யாண வயது வருவதற்குள் முழுசாக இருட்டிவிட்டது. பீடி சுற்றிப் பிழைக்கிறாள். “இலைய வெட்டுதது கை. பாடம் படிக்கது காது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்ட போடாது யக்கா,” என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

அவளைப் போல் அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் சார்வாளுக்கு மாணவர்கள் இருந்தார்கள். அவருடைய மனைவி கிரேஸ் டீச்சர் புத்தகத்தை வாசிப்பார். சார்வாள் அதைப் பதிவு செய்வார். பிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, வேண்டாத சத்தங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பார். காக்கா கத்தினால் வெட்டு. தெருவில் ஐஸ் வண்டி போனால் வெட்டு. குக்கர் விசில் அடித்தால் வெட்டு. டீச்சர் இருமினால், முக்கியமாக வெட்டு.

“பாடம்னா பளிங்கு மாதிரி இருக்கணும். கேக்கவன் கவனம் அங்கன இங்கன போவக் கூடாது,” என்பார்.

இசக்கி இதைக் கிண்டல் செய்வாள். “டீச்சர் மூச்சே விட மாட்டாவளா சார்வாள்? நீங்க மூச்சையும் வெட்டிருதியளோ?”

வெட்டாத பாடத்தை அவர் ஒருநாளும் அனுப்பியதில்லை. அதனால்தான் தாமதம். மற்ற பாடங்கள் எல்லாம் போய்விட்டன. கடைசிப் பாடங்கள் சில, பதிவாகி, வெட்டுவதற்காகக் காத்திருந்தன. அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள்.

நீலம் கலந்த சுண்ணாம்பு

பாளையங்கோட்டையில் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் பிறந்தால் வெள்ளையடிப்பு. பெயிண்ட் வந்து எத்தனையோ காலம் ஆகியும் டீச்சர் சுண்ணாம்பை விடவில்லை. ஊறவைத்து, கொஞ்சம் நீலம் கரைத்து, ஆளை வைத்து அடித்தால்தான் அவருக்குப் பண்டிகை வந்த மாதிரி.

கம்ப்யூட்டர் மேல் டீச்சர் பழைய படுக்கை விரிப்பு ஒன்றைப் போட்டு மூடினார். நல்ல எண்ணம்தான். ஆனால் விரிப்பு நைந்து போன பருத்தி. மேலே சுண்ணாம்பு அடிக்கிற மட்டையிலிருந்து சொட்டியது எல்லாம் விரிப்பில் ஊறி, பெட்டியின் உச்சியில் இருக்கிற காற்றுத் துளை வழியாகப் பைய உள்ளே இறங்கிவிட்டது. சாயங்காலம் சார்வாள் சுவிட்சைப் போட்டார். உள்ளே ‘சுர்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

நான் போய்த் திறந்து பார்த்தபோது பழைய மதர்போர்டு முழுக்க வெள்ளையும் நீலமுமாகப் பொருக்குத் தட்டிப் போயிருந்தது. சில இடங்களில் செம்புக் கோடுகளையே அரித்துத் தின்றிருந்தது. கழுவித் துடைத்து, சூடு காட்டி, எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். போனது போனதுதான்.

அதே வகை மதர்போர்டு இப்போது யாரும் செய்வதில்லை. ஊர் ஊராகப் போன் போட்டு, கடைசியில் மதுரையில் ஒரு கடைக்காரர் தன் பழைய சரக்கிலிருந்து, பழைய பிராசசரும் பழைய ரேமும் உட்காருகிற மாதிரி ஒன்றைத் தேடிக் கொடுத்தார்.

“பேசாம புதுசா ஒரு கம்ப்யூட்டர் வாங்கிருங்களேன் சார்வாள்,” என்று நான் முதலில் சொல்லத்தான் செய்தேன்.

“வாங்கலாம். அதுல எந்த விரலுக்கு எந்தச் சாவின்னு நான் பழகி முடிக்கதுக்குள்ள இசக்கி பரீட்சை எழுதி முடிச்சிருவா. இதையே எழுப்பு.”

டீச்சர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். பேசவில்லை. வெள்ளையடித்த தூசியும் சளியும் சேர்ந்து அவருக்குக் குரல் சுத்தமாகக் கட்டிப்போயிருந்தது. திரும்ப வாசித்துப் பதிவு செய்யலாம் என்கிற வழியும் அதோடு அடைபட்டது. “பேசாத கிரேஸ், தொண்டைக்கு ஓய்வு குடு,” என்று சார்வாள் வேறு கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். டீச்சர் சைகையிலேயே காபி வேண்டுமா என்று கேட்பார். சைகை சார்வாளுக்குத் தெரியாதே. அவருக்கு மட்டும் டம்ளரைக் கையில் தட்டிக் கேட்பார்.

நோய் சொல்லுகிற விதம்

போன வாரம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நான் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்த கதையை எழுதியிருந்தேன். “ஒரு படிப்பும் படிக்காமல் எந்தத் தைரியத்தில் தொட்டீர்கள்?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தைரியம் எல்லாம் இல்லை அம்மா. திறந்ததைச் சரிசெய்யாமல் மூடக் கூடாது என்கிற பிடிவாதம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கோட்டி, அதாவது பைத்தியம்.

படிப்பு இல்லாத எனக்கு வாத்தியார் யார் தெரியுமா? கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான். ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டு வருகிற மாதிரி வருவார்கள். அவர்கள் நோய் சொல்லுகிற விதத்தை ரசித்து ரசித்தே நான் பாதித் தொழிலைக் கற்றேன்.

அம்பாசமுத்திரத்து அரிசி ஆலைக்காரர் ஒருவர் சொன்னார்: “கரண்ட நல்லாத் திங்குது. வேலையின்னா படுத்துக்கிடுது.” போய்ப் பார்த்தால் மின்விசிறி சுற்றுகிறது, ரேம் கழன்று நிற்கிறது. நெல்லுத் தூசி அடைத்திருந்தது.

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வாழைக்காய் வியாபாரி. ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்த அந்தப் பெருமழை வருஷத்தில் அவருடைய கம்ப்யூட்டர் முங்கிவிட்டது. அவரே கழற்றி, மதர்போர்டை மொட்டை மாடியில் பாயில் போட்டுக் காயவைத்து, செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தார். “நல்லா ரெண்டு வெயில் காட்டிருக்கேன் தாயி. இனி மாட்ட வேண்டியதுதான்.” பக்கத்தில் என்ன காய்ந்ததோ, சுண்டைக்காய் வாசனை கமகமவென்று வந்தது. அந்த மதர்போர்டு எழும்பவில்லை. ஆனால் கூடவே கொண்டுவந்த, கணக்கெல்லாம் சேமித்திருந்த டிஸ்க் எழும்பியது. அவர் அதற்காகக் கொடுத்த பூவன் தாரை எங்கள் தெருவே தின்றது.

ஈரம் என்றால் காயவைக்க வேண்டும். இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு அது கையோடு பிறந்த பழக்கம். இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், காரணம் இருக்கிறது.

ஒரு ‘குக்’

சரி, சார்வாள் வீட்டு முன்னறைக்கு வருவோம்.

புதுப் பலகையை உட்காரவைத்தேன். பவர் வயர்களைச் செருகினேன். சுவிட்சைப் போட்டதும் மின்விசிறி ஒரு துள்ளு துள்ளி நின்றுவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி துள்ளி நின்றது.

“எந்திரிக்கப் பாக்கு. யாரோ காலப் புடிச்சு இழுக்காவ,” என்றார் சார்வாள். ஸ்டூலில் உட்கார்ந்து காதை இந்தப் பக்கம் சாய்த்து வைத்திருந்தார்.

அந்தப் பேச்சுதான் எனக்கு வழி காட்டியது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. பலகையைத் தூக்கிப் பார்த்தேன். பலகை பெட்டியின் தகட்டில் நேராக உட்காராமல் இருக்க, அடியில் சின்னச் சின்னப் பித்தளைக் கால்கள் திருகியிருப்பார்கள். பழைய பலகைக்கு இருந்த கால் ஒன்று, புதுப் பலகையில் துளையே இல்லாத இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. முட்டுகிற இடத்தில் மின்சாரம் தப்பி ஓடும், பலகை தன்னைக் காத்துக்கொள்ள உடனே அணைந்துவிடும். அந்தக் காலைக் கழற்றி எறிந்துவிட்டுத் திரும்ப மாட்டினேன்.

மின்விசிறி நிற்காமல் சுற்றியது. கொஞ்சம் பொறுத்து, ஒரே ஒரு சின்னச் சத்தம்: ‘குக்.’

“வந்துட்டா?” என்றார் சார்வாள், எழுந்தே விட்டார்.

“மூச்சு வந்துட்டு. பேச்சு இன்னும் வரல.”

திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி: தொடங்குவதற்கான டிஸ்க் எதுவும் காணோம். நான் அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இந்த இடத்தில் அவருடைய மென்பொருளும் உதவாது. அது எழும்புவதற்கு முன்னாலேயே எல்லாம் நின்றுபோகிறது. நான்தான் அவருக்கு வாசிக்க வேண்டும்.

புதுப் பலகை ஒரு முறையில் டிஸ்க்கைத் தேடும். பழைய காலத்தில் எழுதிய டிஸ்க் வேறு முறையில் காத்திருக்கும். பயாஸ் என்கிற அடிப்படை அமைப்புக்குள் போய், ‘பழைய முறையிலும் தேடு’ என்று மாற்றினேன். அதே வரி. டிஸ்க்கோடு பேசுகிற விதத்தை மாற்றினேன். அதே வரி. கேபிளை மாற்றினேன், துளையை மாற்றினேன். அதே வரி. ஒவ்வொரு முறையும் ‘குக்’ கேட்டதும் சார்வாள் மூச்சைப் பிடிப்பார். நான் “இல்ல” என்றதும் விடுவார்.

நடுவில் போன் அடித்தது. இசக்கி.

“என்ன சார்வாள், இன்னும் வெள்ளையடிச்சு முடியலையா? எங்க ஊர்க் கோயிலுக்கே ஒரே நாள்ல அடிச்சு எறக்கிட்டாவ.”

“செல்வி பாத்துக்கிட்டு இருக்கா. பொறு.”

“பொறுக்கேன். ஞாயித்துக்கிழமைதான் பொறுக்காது.” சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “இந்தத் தரம் விட்டா பொறவு எழுத வயசு கெடையாது சார்வாள். ஒங்களுக்குத் தெரியாததா.”

சார்வாள் போனை மடக்கி வைத்தார். நான் திருப்புளியை மறுபடி கையில் எடுத்தேன்.

பாடம் எங்கே?

கம்ப்யூட்டர் எழும்பாவிட்டால் போகட்டும், பாடத்தையாவது காப்பாற்றி விடலாம் என்று டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன். திறந்தது. சார்வாளின் மென்பொருள் இருந்தது, பழைய கிறிஸ்துமஸ் பாட்டுகள் இருந்தன, என்னென்னவோ இருந்தன. பாடம் மட்டும் இல்லை.

“சார்வாள், பாடத்தை எங்கன வைப்பிய?”

“டி டிரைவ்ல. எப்பவும் அங்கனதான்.”

“இதுல டி டிரைவே இல்லையே.”

“அதுல எப்பிடி இருக்கும்? அது பெரிய டிஸ்க்கு. டி வந்து சின்னதுல்லா.”

நான் நிமிர்ந்தேன். “எந்தச் சின்னது?”

“என்ன கேக்க நீ? ரெண்டு டிஸ்க்கு உண்டுல்லா! பெரிசு வாங்கினப்போ பழச எறிய மனசு வரல. மாட்ட இடமில்லாம, பெட்டிக்குள்ள அடியில கைக்குட்டைய மடிச்சு வச்சு அதுமேல கெடத்தி வச்சிருக்கு.”

பெட்டிக்குள் பார்த்தேன். அடியில், ஒரு மூலையில் கசங்கிய கைக்குட்டை கிடந்தது. அழுக்குத் துணி என்று நான் ஒதுக்கி வைத்தது. அதன் மேல் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் எல்லாம் பொருந்தியது. பெரிய டிஸ்க்கில் சிஸ்டத்தை ஏற்றியபோது சின்னதையும் மாட்டியபடியே வைத்து ஏற்றியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால், ‘இங்கிருந்து தொடங்கு’ என்கிற கட்டளை பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிடுவது உண்டு. வீடு ஒரு தெருவில், வாசற்சாவி இன்னொரு தெருவில். நான் அத்தனை நேரமும் சாவி இல்லாத வீட்டைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தொடங்குகிற கட்டளையை நான் புதிதாக எழுதிவிடலாம். பாடத்தை எங்கிருந்து எழுதுவது?

“டீச்சர், பெட்டியத் தொறந்தியளா?”

டீச்சர் முகம் வெளுத்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு காற்றாகப் பேசினார். வெள்ளையடித்த அன்று, ‘சுர்’ என்று கேட்ட பிறகு, ஈரத்தைத் துடைக்கத் திறந்ததாகவும், உள்ளே இருந்ததைத் திரும்ப உள்ளேதான் வைத்ததாகவும். பிறகு யோசித்து, இன்னொன்றும் சொன்னார். மறுநாள் வீட்டில் கிடந்த பழைய சாமானையெல்லாம் மூட்டை கட்டிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்றாம்.

சார்வாள் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்தார். “போயிட்டு,” என்றார்.

“போவல. நான் போயிட்டு வாரேன்,” என்று ஸ்கூட்டரை எடுத்தேன்.

மூட்டை அவிழ்த்த கதை

இரும்புக்கடை மார்க்கெட்டுக்குப் பின்னால். கடைக்கார முத்தையா அண்ணாச்சி, கல்லாவில் சாரத்தை மடித்துக் கட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“கம்ப்யூட்டர் சாமானா? அதையெல்லாம் தனியால்லா வைப்பேன். டீச்சர் மூட்டையில அப்பிடி ஒண்ணும் பாத்த ஞாபகம் இல்லையே.”

“அவுத்துப் பாக்கலாமா அண்ணாச்சி?”

“இன்னும் அவுக்கவே இல்லம்மா.”

“அவுக்காம எப்பிடிப் பாத்த ஞாபகம் இல்லைங்கிய?”

அண்ணாச்சி ஒரு சுளையை வாயில் போட்டு என்னை உற்றுப் பார்த்தார். “நீ யாரு, டீச்சருக்கு மவளா?”

“கம்ப்யூட்டர் பாக்கவ.”

“வக்கீலுன்னுல்லா நெனச்சேன்,” என்று எழுந்து வந்து அவரே மூட்டையைக் கொட்டினார். துருப்பிடித்த கீல்கள், குழாய்கள், கைப்பிடி போன குக்கர் மூடி, ஒரு இறக்கை மட்டும் மிஞ்சிய மின்விசிறி. ஒவ்வொன்றாக எடுத்து உதறினோம். டிஸ்க் இல்லை. அண்ணாச்சி பக்கத்து மூட்டைகளையும் இழுத்துப் போட்டார். “கெடைக்காமப் போனா நான் தின்னுட்டேன்னு டீச்சர் நெனப்பாவ. தேடு,” என்று குனிந்தார். அங்கேயும் இல்லை.

கிளம்பும்போது பாதி ஆரஞ்சை என் கையில் வைத்தார். “இரும்பு எங்கயும் ஓடாது, கேட்டியா. வீட்டுக்குள்ளயேதான் கெடக்கும். போயித் தேடு.”

டங்

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கட்டில் அடி, அலமாரி, தையல் மெஷின் பெட்டி, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வைத்திருந்த அட்டைப்பெட்டி எல்லாம் பார்த்தாயிற்று. சார்வாள் கைகளால் தடவித் தடவி புத்தக அலமாரி முழுவதையும் தேடியிருந்தார். விரல் நுனியெல்லாம் வெள்ளை.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனார். என்ன ஆனாலும் ராத்திரிக்கு உலை வைக்க வேண்டுமே. அடுக்களை முன்னறையை ஒட்டித்தான். அரிசி டிரம்மின் மூடி திறக்கிற சத்தம். உழக்கு அரிசிக்குள் இறங்குகிற சத்தம்.

டங்.

“கிரேஸ், நில்லு,” என்றார் சார்வாள். “அது என்ன?”

“டிரம்மு அடி,” என்று உள்ளிருந்து காற்றாக வந்தது.

“அடியா? நேத்துதான கடைக்காரன் கிறிஸ்துமஸ் அரிசியக் கொட்டிட்டுப் போனான். அடி எப்பிடித் தட்டும்?”

டீச்சருக்கு ஒரு வழக்கம். பழைய அரிசியை முதலில் தீர்க்க வேண்டும். அதனால் மேலே கொட்டிய புது அரிசியை ஒதுக்கிவிட்டு, முழங்கை வரை கையை விட்டு, ஆழத்திலிருந்து பழைய அரிசியை அள்ளுவார். அப்படி அள்ளும்போதுதான் தட்டியிருக்கிறது.

நான் எழுந்து ஓடுவதற்குள் டீச்சரே கையை விட்டு வெளியே எடுத்தார். அவர் கையில் டிஸ்க். திருகு துளைகளில் எல்லாம் அரிசி.

டீச்சர் இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வந்த வார்த்தைகளை நான் பக்கத்தில் நின்றதால் கேட்டேன். “ஈரமா இருந்துச்சு செல்வி. மருமவன் போன் தண்ணியில விழுந்தப்போ அரிசியிலதான வச்சோம்… அன்னைக்கு ராத்திரியே காய்ச்சல் வந்துட்டு. எடுத்து வச்சிட்டேன்னே நெனச்சேன்.”

“என்ன சொல்லுதா அவ?” என்றார் சார்வாள்.

“பாடத்தைக் காய வச்சிருக்காவ சார்வாள். அரிசி டிரம்முல.”

அப்புறம் அவர் வயிறு குலுங்கச் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் கிறீச்சிட்டது. “நல்லவேளை, ஒலையில போடல!”

எங்கே, எனக்கு வரலையே

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு அரிசியாகத் தள்ளினேன். தவிட்டுத் தூசியை ஊதினேன். வயர் செருகும் இடத்தைத் துடைத்தேன். அந்தக் கைக்குட்டையை உதறி மடித்து, இருந்த இடத்திலேயே போட்டு, அதன்மேல் டிஸ்க்கைக் கிடத்தினேன். முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று பயாஸுக்கும் சொல்லிவைத்தேன்.

சுவிட்ச். மின்விசிறி. ‘குக்.’

சின்ன டிஸ்க் உள்ளுக்குள் கரகரவென்று சுழல ஆரம்பித்தது. திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு நீலமாக விரிந்து, சின்னச் சின்னப் படங்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. டி டிரைவ், அதற்குள் ‘பாடம்’.

“வந்துட்டு சார்வாள்! வந்துட்டு!”

“எங்க?” என்றார். “எனக்கு வரலையே.”

உண்மைதான். திரை பளிச்சென்று இருந்தது. அறை அமைதியாக இருந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார். காலையில் சார்வாள் சொன்னது நினைவுக்கு வந்து எனக்குக் காது சுட்டது. எழுந்து பாதி நின்றுவிட்டவள், திரும்பச் சம்மணம் போட்டேன்.

ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்த்தேன். வேறு துளையில் செருகினேன். ஒலி எங்கே போகிறது என்று அமைப்புக்குள் போய்த் தேடினேன். அங்கே கிடைத்தது. புதுப் பலகை ஊருக்குப் புதுசு அல்லவா, ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல், திரைக்குப் போகிற கேபிளிலேயே அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தத் திரைக்கு வாயே கிடையாது. பாவம், அது அத்தனை நேரமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, காதில்லாத இடத்தில்.

மாற்றினேன்.

டிரம்மிலிருந்து அரிசி கொட்டுகிற வேகத்தில் ஒரு இயந்திரக் குரல் கடகடவென்று கொட்டியது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சார்வாளின் முகம் மலர்ந்தது. கை தானாகச் சாவிப்பலகையைத் தேடிப் போய் உட்கார்ந்தது. விரல்கள் ஓடின. குரல் ஓடியது. நான் வேடிக்கை பார்க்கிறவளாக ஆகிப்போனேன்.

‘பாடம்’ திறந்தது. அதற்குள் முடிக்காத பாடங்கள். ஒன்றை ஓடவிட்டார். கிரேஸ் டீச்சரின் பழைய குரல், கட்டாத குரல், கணீரென்று அறையில் நிறைந்தது.

“ஆறுகளும் அணைகளும். தாமிரபரணி பொதிகை மலையில் தோன்றி…”

டீச்சர் சுவரில் சாய்ந்து, தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு காக்கா கத்தியது. குக்கர் ஒரு விசில் அடித்தது. அணைக்கட்டுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லி வரும்போது நடுவில் நீளமாக ஒரு இருமல்.

“அங்கன இருமியிருக்கேன்,” என்றார் டீச்சர் காற்றாக. “வெட்டிருங்க.”

சார்வாளின் விரல் வெட்டுகிற சாவியின் மேல் போய் நின்றது. ஒரு பாடத்தை வெட்டி முடிக்க அவருக்கு முழுசாக ஒரு நாள் பிடிக்கும். பாடங்கள் ஒன்றல்ல. வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.

போன் அடித்தது. இடது கையால் எடுத்தார். பாடம் ஓடிக்கொண்டே இருந்தது, டீச்சர் இன்னொரு முறை இருமினார், பதிவில்.

“சார்வா…” என்று ஆரம்பித்த இசக்கி நிறுத்தினாள். போனுக்குள் பீடி இலை வெட்டுகிற கத்தரியின் சத்தம் சரக் சரக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது. “ஏயப்பா! இருமுதது டீச்சரா? அவியளுக்கும் தொண்ட உண்டா?”

பதிவு அடுத்த அணைக்குப் போனது.

“பாடம் பேசுது,” என்றாள் மெதுவாக. கத்தரிச் சத்தம் நின்றது.

சார்வாள் வெட்டுகிற சாவியிலிருந்து விரலை எடுத்தார். பாடத்தை முதல் வரிக்குக் கொண்டுபோனார். போனை ஸ்பீக்கர் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, ஒலியைக் கூட்டினார்.